புளி போட்டுத் தேய்த்த ரம்பம்

ரம்பத்தின் ஒரு பிடி என் கையில் இருந்தது. மறு பிடி, விழுந்து கிடந்த பலாமரத்துக்கு அந்தப் பக்கம், காதர் பாயின் கையில். நடுவில் மரம். மரத்துக்குள் ரம்பம். ரம்பம் நகரவில்லை.

"இழுங்க சாமி," என்றார் காதர் பாய்.

இழுத்தேன்.

"இழுக்கச் சொன்னேன். நீங்க தள்றீங்க."

நான் இழுத்துக்கொண்டிருப்பதாகத்தான் என் நினைப்பு. இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் வித்தியாசம் தெரியாமலே அதற்குள் பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து முடித்திருந்தேன். அங்கே அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் இழுக்கத்தான் செய்யணும்," என்றார் அவர். "நான் இழுக்கிறப்ப நீங்க சும்மா கூட வரணும். நீங்க இழுக்கிறப்ப நான் வருவேன். தள்ளினீங்கன்னா தகடு வளைஞ்சு மாட்டிக்கும்."

கொல்லை முழுவதும் ஈர மரத்தூளின் வாசனை. பலாப்பழம் பழுத்த வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு இனிப்பு மூக்கில் ஏறுமே, அதில் கால் பங்கு; பாக்கியெல்லாம் பச்சை வாசனை. கார்த்திகை மாதம் என்று ஞாபகம். ஐப்பசியின் கடைசியாகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் சிநேகிதர் ஒருவர், "எல்லாவற்றையும் எழுதுகிறாய், உன் ரம்பக் கதையை ஏன் இன்னும் எழுதவில்லை?" என்று கேட்கிறார். அந்தக் கதையை நான் எத்தனையோ கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறேன். பாயசம் வருகிறவரைக்கும் ஜனங்களைச் சிரிக்க வைக்க அதுபோல் ஒன்று கிடையாது. ஆனால் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது பந்தியில் வருகிற மாதிரி வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்கள்

மந்தைவெளியில் எனக்கு ஒரு வீடு உண்டு. முன்னால் கூடம், பின்னால் கிணறு, கிணற்றுக்குப் பின்னால் அந்தப் பலாமரம். என் மனைவி அந்த வருஷம் மாசியில் காலமானாள். பதின்மூன்று நாள் வீடு கொள்ளாத கூட்டம். பதினாலாம் நாள் ஒவ்வொருவராக ரயில் ஏறினார்கள். வந்தவர்களில் யாரோ ஒரு குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தேடிக்கொண்டாவது யாராவது வருவார்கள் என்று இரண்டு மாதம் பார்த்தேன்.

அப்புறம் நான் பேசுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. சாப்பாட்டுக் கிளப்பில், "இன்னும் கொஞ்சம் ரசம்." டிராமில், "லஸ்." ஆபீஸில், "ஆகட்டும் ஸார்." ஒரு நாள் சாயங்காலம் பால்காரனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், காலையிலிருந்து திறக்கவேயில்லை என்று தெரிந்தது. குரல் யாரோ வேற்று மனிதருடையதாகக் கேட்டது. அந்த மனிதரும் அவ்வளவு உற்சாகமானவராகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை பாத்திரம் தேய்ப்பது. புளியும் சாம்பலும் போட்டு விரல் நோகத் தேய்த்தால் பித்தளை பொன்னாகிவிடும். கிளப்பில் சாப்பிடுகிறவன் வீட்டில் பாத்திரம் எப்படி அழுக்காகும் என்று கேட்பீர்கள். அழுக்காகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் தேய்த்து, காயவைத்து, மறுபடி பரணில் ஏற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவாறு ஏறி இறங்கிவிடும்.

இந்த நிலையில்தான் புயல் அடித்தது. பலாமரம் வேரோடு சாய்ந்து கிணற்றுக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டது. நாலு நாள் அதைத் தாண்டிக் குதித்துத் தண்ணீர் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக் கமலம் மாமி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏண்டா சேது, மரத்தை எடுக்கப்போறயா, இல்லே அது தானா எழுந்து நிக்கட்டும்னு காத்துண்டிருக்கயா?"

"ஆள் பார்க்கணும் மாமி."

"ஆத்துல உக்காந்துண்டு பார்த்தா ஆள் எப்படித் தெரிவான்?"

பாதி ஆள்

லஸ்ஸுக்கு அப்பால் விறகு அடுக்கி விற்கிற ஒரு தொட்டிக்குப் போனேன். ஊர் முழுக்க மரம் விழுந்திருந்தது. மரம் அறுக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். ஜோடிகள் எல்லாம் போய்விட்டன. ஒருத்தர் மட்டும் ஒரு கட்டைமேல் குந்திக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் சாக்கில் சுற்றிய நீள ரம்பம்.

"இன்னா சாமி, மரம் வுழுந்துச்சா?"

"விழுந்துவிட்டது. நீங்கள் வருவீர்களா?"

"நான் வருவேன். ஆனா நான் பாதி ஆளு."

அவர் பெயர் காதர். மீர்சாகிப்பேட்டையில் வீடு. அந்த ரம்பத்தின் மறு பக்கத்தை அவருடைய அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன்னால் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ரம்பத்தை விட்டுவிட்டுப் போனார். அறுக்க முடியாதபடி விட்டுவிட்டுப் போனார்.

"அந்தாண்ட புடிக்க உங்க வூட்ல யாராச்சும் கீறாங்களா?"

"நான் இருக்கிறேன்."

"வேற?"

"வேறு யாரும் இல்லை."

என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். மரத்தைப் பார்த்து எத்தனை பலகை தேறும் என்று கணக்குப் போடுகிற பார்வை. அதிகம் தேறவில்லை என்று நினைக்கிறேன்.

"சரி, நடங்க," என்றார்.

ஆபீஸுக்கு வயிற்றுவலி என்று எழுதிப் போட்டேன்.

பலாப் பாலின் குணம்

இழுப்பது எப்படி என்று ஒருவாறு பிடிபட்ட பிறகும் ரம்பம் அரைமணிக்கு ஒரு தரம் நின்றுவிடும். காரணம் பால். விழுந்து நாலு நாள் ஆகியும் அந்த மரத்துக்குத் தான் செத்துப்போனது தெரியவில்லை. வெட்டுவாயெல்லாம் பாலாக ஊறிக்கொண்டே இருந்தது.

ரம்பத்தின் பற்களை ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அந்தச் சாய்வினால்தான் தகடு உரசாமல் ஓடுகிறது. பலாப் பால் மரத்தூளோடு சேர்ந்து அந்த இடுக்கில் போய் அடையும். ஓட்டத்தில் தகடு சூடேறும். சூட்டில் அந்தப் பிசின் இறுகி, அடிபிடித்த பால்கோவா மாதிரி கறுத்துப் போகும். அதற்குமேல் இரண்டு பயில்வான்கள் இழுத்தாலும் நடக்காது.

காதர் பாய் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அறுக்கத் தொடங்குமுன்னே தகட்டின் இரு பக்கமும் விளக்கெண்ணெய்த் துணியால் ஒரு தடவல். எண்ணெய் இருக்கிற இடத்தில் பால் ஒட்டாது. நடுவில் இறுக்கம் தெரிந்தால் வெட்டுவாயில் நாலு சொட்டு மண்ணெண்ணெய். அப்படியும் அடைந்துவிட்டால் ரம்பத்தை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவிட்டு, உடைந்த தேங்காய் ஓட்டினால் சுரண்டுவார். கத்தியால் சுரண்டினால் என்ன என்று கேட்டேன்.

"கத்தியும் இரும்பு, பல்லும் இரும்பு. ஒண்ண ஒண்ணு கீறும். கொட்டாங்கச்சி பிசினை மட்டும் எடுக்கும்."

கடைசியாக, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி விளக்கெண்ணெய்.

"தண்ணி மட்டும் காட்டக்கூடாது சாமி. தண்ணி பட்டா பிசினும் போவாது, துருவும் புடிக்கும்."

பால் எண்ணெய்க்குத்தான் இளகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணமான முதல் கோடையில் மாமனார் வீட்டில் என் சாமர்த்தியத்தைக் காட்ட நினைத்து, கையில் எண்ணெய் தடவாமல் ஒரு முழுப் பலாப்பழத்தை அரிந்தேன். அரிந்து முடித்தபோது பத்து விரலும் இரண்டு விரலாகியிருந்தன. மாமனார் வீட்டார் எல்லாம் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். மாப்பிள்ளை கும்பிட்ட கையோடு நின்றார். என் மனைவி, அப்போது என்னோடு நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டாள், உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து என் கைமேல் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்குத் தெரியாமை காரணமில்லை என்பதற்காகத்தான்.

மூன்று நாள் பேச்சு

ரம்பம் இழுக்கிற இருவருக்கு இடையில் பேச்சு தானாக வந்துவிடுகிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை; மரம் மறைத்துக்கொண்டிருக்கும்.

"ஆபீஸ்ல இன்னா வேலை சாமி?"

"ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னொரு காகிதம் எழுதுவேன்."

"அப்பால?"

"அதை இன்னொருவர் பார்த்து வேறொரு காகிதம் எழுதுவார்."

"அப்போ அங்கியும் ஜோடி கீது," என்றார் காதர் பாய். "தூள் மட்டும் வுழாது."

அண்ணன் ரங்கூனிலிருந்து போட்ட ஒரே கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியும். பேட்டையில் எல்லோரும் படித்தாகிவிட்டதாம். இன்னொரு ஆள் படித்தால் ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நானும் இரண்டு தரம் படித்தேன். மழை பெய்கிறது, சௌக்கியம் என்பதற்குமேல் ஒன்றும் இல்லை.

மத்தியானங்களில் கிணற்றடியில் சாப்பிடுவோம். அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கை அவர் பிரிப்பார்; கிளப்பு இட்டிலியை நான் பிரிப்பேன். கமலம் மாமி சுவர்மேல் தென்படுவாள்.

"ஆபீஸை விட்டுட்டு ரம்பத்துக்கே போயிட்டயாடா?"

"இதுல பிரமோஷன் சீக்கிரம் வரும் மாமி," என்றேன். நானே சிரித்தேன். அந்தக் கொல்லையில் நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று மாமி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தலையை இழுத்துக்கொண்டாள்.

மரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வியாழக்கிழமை பன்னிரண்டடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முண்டுக்கட்டைதான் பாக்கி.

அன்றைக்குத்தான் காதர் பாய் அடையாற்று வேலையைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு பெரிய தோட்டத்தில் இருபது முப்பது மரம் விழுந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை மேஸ்திரி ஆள் எடுக்கிறார். ஜோடியாக வரவேண்டும்; ரம்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எடுப்பார். எடுத்தால் பொங்கல்வரை வேலை. தவறினால் காதர் பாயும் அண்ணனுக்குப் பின்னால் கப்பல் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மனைவியின் தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி ஜோடிக்குச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"மச்சானை இன்னைக்கே போய்ப் பாக்கணும், மனசு மாறிப்பூடுவான். ரம்பம் இங்கியே இருக்கட்டும். காலைல வந்து எடுத்துக்கிறேன்." பாதி தூரம் போனவர் திரும்பினார். "நீங்களே துடைச்சு எண்ணெ போட்டு வச்சிடுங்க சாமி. மூணு நாளாப் பாத்துக்கினு கீறீங்களே. தண்ணி மட்டும் காட்டாதீங்க."

தொட்டி

பந்திகளில் நான் சொல்கிற கதை இங்கேதான் சூடு பிடிக்கும். மயிலாப்பூர் வாசி ஒருவன், தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கொண்டு, காதர் பாயை ஆச்சரியப்படுத்த நினைத்து, ரம்பத்தைப் பித்தளைத் தவலை மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் விட்டுப் புளியைக் கரைத்து அதில் அதைக் குறுக்காக முக்கிவைத்துவிட்டுத் தூங்கப்போனான். இலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரையேறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை காதர் பாயும் நானும் தொட்டியண்டை நின்றோம். தகடு கறுத்துப் புள்ளி விழுந்திருந்தது. பல்லெல்லாம் செம்பழுப்பாக ஒரு பூச்சு. பிசின் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னா போட்டீங்க?"

"புளி."

"புளி," என்றார் காதர் பாய். ஒரு பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். "பெருங்காயம் ஒண்ணுதான் பாக்கி. ரசமாச்சும் ஆயிருக்கும்."

இதற்கும் பந்தியில் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பந்தியில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் போன பிறகு வீடு சட்டென்று பழையபடி ஆகிவிட்டது. விளக்கெண்ணெய்க் கிண்ணம் கிணற்றடியில் நான் கைநீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. மண்ணெண்ணெய்ப் புட்டி அதன் பக்கத்தில். நான் அவற்றைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய்ப் புளியை எடுத்துவந்தேன். ரம்பம் சரியாக இல்லாவிட்டால் அவர் இன்னும் இரண்டு நாள், மூன்று நாள் இங்கேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வேண்டிவரும் என்று நான் திட்டம் போட்டேனா? அப்படி வார்த்தையாக யோசிக்கவில்லை. புளியைக் கரைத்த கைக்கு அது தெரிந்திருந்தது. தலைக்குச் சொல்லாமல் கையே செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். குமாஸ்தாக்களுக்கு இந்த மாதிரி வாசகங்கள் பழக்கம்.

பேசாத ஞாயிறு

அவர் போய்விடவில்லை. போக முடியாது, திங்கட்கிழமைக்கு அந்த ரம்பம் வேண்டும். நான் எதிர்பார்த்தபடியே நாள் முழுவதும் என் கொல்லையில்தான் இருந்தார். ஆனால் பேசவில்லை.

அவர் என்ன செய்தாலும், கேட்பதற்கு முன்னாலேயே அடுத்த சாமானை எடுத்து நீட்டினேன். மண்ணெண்ணெய்த் துணி. தேங்காய் ஓடு. செங்கல்லைப் பொடித்துச் சலித்த தூள். அதை எண்ணெயில் குழைத்துத் தகட்டை மெல்லத் தேய்த்தார். பிசின் முதலில் இளகியது, துரு பிறகு. மத்தியானத்துக்குமேல் மடியில் ரம்பத்தை வைத்துக்கொண்டு அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டத் தொடங்கினார். ஒரு பல்லுக்கு ஏழெட்டு இழுப்பு. அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

"காதர் பாய், சாப்பிடுங்கள்," என்றேன்.

வேண்டாமென்று தலையை ஆட்டினார். அன்று தூக்கு கொண்டுவந்திருக்கவில்லை.

மூன்று நாள் மரத்துக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், அன்று நேருக்கு நேர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பேசாமலிருந்தார். ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பழக்கம்தான். ஆள் இருந்தும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அதைவிட நீளம்.

வெயில் தாழ்ந்தபோது ரம்பத்தை முண்டுக்கட்டைமேல் வைத்தார். "புடிங்க," என்றார். காலையில் புளியைப் பற்றிப் பேசிய பிறகு சொன்ன முதல் வார்த்தை. பிடித்தேன். நாலு விரற்கடை ஆழம் ஓடியது. தள்ளாமல் இழுத்தேன், அவர் இழுத்தபோது கூடவே போனேன். அவ்வளவு நன்றாக நாங்கள் ஒருநாளும் இழுத்ததில்லை. வெட்டு பாதியில் இருக்கும்போதே நிறுத்தி ரம்பத்தை உருவிக்கொண்டார்.

"முடித்துவிடலாமே?"

"ஓடுதான்னு பாத்தேன். ஓடுது."

துடைத்து, எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடையாறு

திங்கட்கிழமை காலை ஆபீஸ் டிராமில் ஏறவில்லை. பாலத்தைத் தாண்டி நடந்தேன். தோட்டத்து வேலியோரம் நின்றுகொண்டேன். உள்ளே ஐந்தாறு ஜோடிகள் வரிசையாக நின்றார்கள். காதர் பாயும் கடைசியில், மச்சானோடு.

மேஸ்திரி காதர் பாயின் ரம்பத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி கீது."

"மூஞ்சிய வுடு நைனா, பல்லப் பாரு."

"துரு புடிச்ச ரம்பத்தத் தூக்கினு வந்து..."

"ஒரு கட்டை போட்டுக் காட்டறேன். ஓடலன்னா நாங்களே போயிடறோம்."

மேஸ்திரி ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைக் காலால் காட்டினார். இருவரும் இரண்டு பக்கமும் குந்தினார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் முதலில் கொஞ்சம் தள்ளினான். காதர் பாய் ஏதோ திட்டினார். பிறகு ஓட்டம் பிடித்தது. தூள் சீராக விழுந்தது. கிளை இரண்டானபோது மேஸ்திரி அடுத்த ஜோடியிடம் போய்விட்டார். போகிற போக்கில், "அந்த மூலைல ஆரம்பிங்க," என்றார்.

காதர் பாய் என்னை அப்போதுதான் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வேலியண்டை வந்தார்.

"ஆபீஸ் போவல?"

"போகணும்," என்றேன். "காதர் பாய், தண்ணீர் காட்டாதே என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறக்கவில்லை."

"தெரியும் சாமி."

"எப்படி?"

"எங்க வூட்லயும் செம்பு கீது. புளி போட்டாத் தேய்ச்சுக் கழுவிக் கவுத்து வச்சிடுவாங்க. ராவெல்லாம் முக்கி வைக்க மாட்டாங்க."

வேலிக் கம்பை ஆராய்ச்சி செய்தேன்.

"கோவம் வந்துச்சு," என்றார் அவர். "நேத்திக்கிப் பூரா வந்துச்சு. ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லியிருந்தா வந்து குந்திக்கினு இருந்துட்டுப் போறேன். மரம் வுழுந்தாத்தான் வரணுமா?"

சொல்லிவிட்டுப் போய்விடாமல் நின்றார். அடுத்த பேச்சு என்னுடையது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.' இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையும் வாய்வரை வந்து பலாப் பாலில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றன.

"தூங்குமூஞ்சி மரத்தில் பிசின் ஜாஸ்தியோ?" என்று கேட்டேன்.

காதர் பாய் தோளில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டார்.

"அவ்ளோ இல்ல சாமி," என்றார்.

மச்சான் கூப்பிட்டான். போய்விட்டார்.